விண்ணப்பத்தில் நான் மறைத்த தோணி

முதுமாணிப் படிப்பின் ஆறாவது மாதத்திலேயே என் கைக்காசு தீர்ந்துவிட்டது. அப்போதுதான் எங்கள் துறையில் சம்பளத்துடன் ஓர் ஆய்வு உதவியாளர் வேலை வந்தது. கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டுக் காத்தான்குடியில் ஒரு புடவைக்கடைக்கு வேலைக்குப் போவதாக இருந்தேன்.

விண்ணப்பத்தில் ‘களப்பணி அனுபவம்’ என்றொரு கட்டம் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதினேன். எங்கள் ஊர் மாங்கேணியில் சிறு வயதிலிருந்தே அப்பாவோடு தோணியில் போய் வலை போட்டதை எழுத வெட்கமாக இருந்தது.

நேர்முகத்தேர்வின் கடைசிப் பகுதி வாவிக்கரையில் நடந்தது. நடுவாவிக்குப் போய் நீர் மாதிரி எடுத்துக் காட்ட வேண்டும். ஆனால் தோணிக்காரர் வரவில்லை.

“அப்ப அடுத்த கிழமை வைப்பம்,” என்றார் தேர்வை நடத்திய பேராசிரியை.

புடவைக்கடைக்கு மறுநாளே பதில் சொல்லியாக வேண்டும்.

“மேடம், நான் தோணி வலிக்கிறன்!” என்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தோணியில் ஏறினேன். பேராசிரியையும் மற்ற இரண்டு விண்ணப்பதாரிகளும் பயந்து பயந்து ஏறினார்கள். எதிர்க்காற்றில் தோணி நேராகப் போனது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீர் மாதிரி எடுத்துக்கொண்டு கரைக்கு வந்ததும் பேராசிரியை என் விண்ணப்பத்தையும் பேனையையும் நீட்டினார்.

“இதில பொய் எழுதியிருக்கிறீங்க. திருத்துங்க.”

‘இல்லை’யை வெட்டிவிட்டு ‘பன்னிரண்டு வருடம்’ என்று எழுதினேன்.

வேலை கிடைத்த அன்று அப்பாவுக்கு அழைத்தேன்.

“என்ன வேல மகள்?”

“உங்களோட செஞ்ச அதே வேலதான் அப்பா. இப்ப சம்பளம் தாறாங்க!”

“அப்ப எனக்கும் ஒரு விண்ணப்பம் எடுத்து வா,” என்று சத்தமாகச் சிரித்தார்.

அந்தக் கட்டத்தில் முதலில் என்ன எழுதினேன் என்பதை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.