பின்னங்கால் இல்லாத மான்

எனக்குக் கோபம் முதல் பஸ்ஸில் வந்துவிடும். புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். ஐம்பதுகளின் கடைசியில் உப்பிலியபுரத்தில் டிராயிங் டீச்சராக இருந்தபோது அந்தக் கோபத்தால் ஒரு பாவம் செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்தாம் வகுப்புப் பெண்களைப் புளிச்சோறு கட்டிக்கொண்டு பச்சைமலை அடிவாரத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே கூரைபோல் முன்னால் நீண்டிருந்தது ஒரு பாறை. நிழலில் உட்காரலாமென்று குனிந்து நுழைந்தால், உள்ளே பாறை முழுக்கச் செங்காவியில் படம். கை தூக்கி ஆடும் மனிதர்கள், வில் பிடித்த ஒருவன், துள்ளி ஓடும் ஒரு மான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்கு முந்தின வாரம்தான், கோலத்துக்கு ஓரம் கட்டக் காவியை எப்படிக் கரைப்பது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தேன். மிச்சக் காவியை ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டுபோயிருந்தார்கள். வகுப்பிலேயே நன்றாக வரையும் பெண்ணுக்கு அந்த அடிவாரத்தில்தான் வீடு. அப்பா ஆடு மேய்ப்பவர். வேறு யாராக இருக்கும்?

"நீதானே?"

"இல்லீங்க டீச்சர். இது எப்பவுமே இங்க இருக்குங்க."

"வாயை மூடு. பொய் வேற சொல்றியா?"

தூக்குவாளி துலக்கக் கொண்டுவந்திருந்த தேங்காய் நாரை அவள் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். அவள் அழவில்லை, தேய்த்தாள். காவி லேசில் போகவில்லை. மானின் பின்னங்கால் ஒன்று மட்டும் பாறைப் பொருக்கோடு உதிர்ந்தது. நேரமாகிவிட்டது, போதும் என்று கிளம்பிவிட்டோம்.

அன்று சாயங்காலமே பஸ் பிடித்து டவுனில் எங்கள் பாலக்கரை வீட்டுக்கு வந்து, காலேஜில் சரித்திரம் நடத்தும் அண்ணனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! ஏர் பிடிக்கவே தெரியாத காலத்துல மனுஷன் போட்டதா இருக்கும்டி அது. அதைப் போயா தேய்க்கச் சொன்னே?"

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பாறையைக் கெடுத்தது ஒருபக்கம். நிஜம் சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியது இன்னொரு பக்கம்.

எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதென்று திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அந்தக் காலத்தில் பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்த ஒரு சாக்கு போதும். அதை நானே கொடுத்துவிட்டேனோ? புதன்கிழமை பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்கே நடந்தேன்.

"ஸ்கூலுக்குத்தான் போறேன்னு தெனமும் சிலேட்டை எடுத்துக்கிட்டுப் போறா. அங்க வரலைங்களா?" அவள் அம்மா பதறிப்போனாள். "அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதாங்க டீச்சர். படிச்சது போதும்னுடுவாரு."

"அவர்கிட்ட சொல்லாதீங்க. நான் பாத்துக்கறேன்."

நேரே அந்தப் பாறைக்குப் போனேன். நினைத்தபடி அதற்கடியில்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து சிலேட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "காட்டு" என்றேன். அதே மான். பாறையில் மூன்று கால்தான் மிச்சம். சிலேட்டில் நான்கும் இருந்தன. நான் அழிக்க வைத்த காலை அவள் ஒரு கோடு பிசகாமல் போட்டிருந்தாள்.

டீச்சராகி அதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. நாக்கு புரளவே மாட்டேன் என்றது.

"தப்பு என்னுதும்மா. நீ சொன்னதுதான் நிஜம். எம்மேல இருக்கற கோவத்துலதான் ஸ்கூலுக்கு வரலையா?"

"கோவம் இல்லீங்க டீச்சர்." சிலேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதை நான் போட்டேன்னு நெனச்சீங்கல்ல? அவ்வளவு நல்லாவா வரையறேன்னு இருந்துச்சுங்க. அதான், நெசமாவே வருதான்னு போட்டுப் போட்டுப் பாத்தேன்."

சிலேட்டை வாங்கி இன்னொரு தரம் பார்த்தேன்.

"வருதுடி," என்றேன். "நாளைக்கு ஸ்கூலுக்கு வா. சிலேட்டுல போட்டா அழிஞ்சுபோயிடும். நான் உனக்குப் பேப்பர் தரேன்."