பூநாரையைக் கிட்டக் காட்டிய வழி

பறவை பார்க்க வருகிறவர்களை ஏரிக்குள் கூட்டிப்போவது அதுவரை ஊர்ப் படகுக்காரர்களின் வேலை. ஒரு வருடம் அதைத் தனியாருக்குக் குத்தகை விட்டார்கள். துறையில் கம்பி வேலி வந்தது, டிக்கெட் ஜன்னல் வந்தது. மோட்டார் படகு ஓட்ட ஆள் தேடினார்கள். நான் போய்ச் சேர்ந்தேன். நீலச் சட்டை கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் வலையும் கிடையாது, படகும் கிடையாது. பெண்கள் ஆழமில்லாத இடத்தில் கழுத்துவரை முங்கி, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்திருப்பார்கள். கொஞ்சம் அலை இருந்தால் தலைகூடத் தெரியாது. அண்ணன் இறந்தபிறகு அண்ணி அப்படித்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார்.

முதலில் ஆழமான வழியில்தான் படகு போனது. பூநாரைகள் தூரத்தில் மணல்திட்டு ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஊரிலுள்ள பழைய டச்சுக்காரர் கல்லறையைப் பார்த்துவிட்டு வெயிலில் வந்து ஏறுகிறவர்கள், "இவ்ளோதானா?" என்பார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"திட்டு ஓரமா போ. கிட்டக் காட்டு."

"சார், அங்க பொம்பளைங்க எறா தடவுவாங்க. தலை தெரியாது."

"அது பறவைங்க இடம். அவங்கள யாரு வரச் சொன்னது? நீ ஓட்டு."

அன்றைக்கே அண்ணியிடம் சொன்னேன். "அண்ணி, இனிமே அந்தத் திட்டாண்ட போவாதீங்க."

"வேற எங்க போறது, சொல்லு. ஆழத்துல எறா கெடைக்குமா?"

மறுநாளிலிருந்து திட்டு ஓரமாகத்தான் போனேன். சில நாள் மெதுவாக ஓட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பியது. படகில் இருந்தவர்கள் கத்திக்கொண்டே எழுந்தார்கள். "விடு விடு, சீக்கிரம்!" நான் வேகத்தைக் கூட்டித் திருப்பினேன். அடியில் ஏதோ இடித்தது. மோட்டார் திணறி நின்றது. வலைக் கம்பு என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு பறி மிதந்து வந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது.

குதித்தேன். அண்ணி. வலது கையை மோட்டார் விசிறி சிதைத்திருந்தது. படகில் தூக்கிப் போட்டபோது அவர் அழவில்லை. "பறி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். படகு வழக்கமான வழியில்தான் போனது, அந்தப் பெண் தடைசெய்யப்பட்ட இடத்தில் அத்துமீறி இறங்கினாள் என்று எழுதியிருந்தது. "கையெழுத்துப் போட்டா உம்மேல கேஸ் வராது. ஓட்டினது நீதான், யோசிச்சிக்க."

நான் உள்ளே போனால் அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்துபோய்த்தான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளைக் காட்டியே விசாரணையை முடித்தார்கள். திட்டில் யாரும் இறங்கக் கூடாது என்று பலகை நட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் அதன்பிறகு இறால் தடவ, தூரத்திலிருக்கும் சுண்ணாம்புக்குளம் பக்கம் நடந்துபோனார்கள்.

அண்ணி வீடு திரும்பியதும் போய் நின்றேன்.

"அந்தத் தாளுல இன்னா எழுதியிருந்துச்சு?"

சொன்னேன்.

"படிச்சிட்டுத்தான் போட்டியா?"

"ஆமா அண்ணி."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டேன். வேறொருவர் அதே வழியில் ஓட்டினார்.

சில வருடம் கழித்து அண்ணி மகளுக்குக் கல்யாணம். சொல்லி அனுப்பினார்கள், போனேன். பந்தியில் உட்கார்ந்தேன். இடது கையால் பரிமாறக் கூடாது என்று அண்ணி கடைசிவரை உள்ளேயே இருந்துவிட்டார்.