ஆல்ட்டோ வரிசையில் அம்மா

எங்கள் வீட்டில் ஆங்கிலப் பாட்டு பாடிய ஒரே ஆள் அம்மா. அதுவும் சாதாரணப் பாட்டு இல்லை. வாத்தியம் எதுவும் இல்லாமல் நாற்பது பேர் நான்கு குரலாகப் பிரிந்து நின்று பாடுகிற பாட்டு. மாதா கோவில் பாட்டுக்குழுவில் பழகிய குரல் என்பதால் இந்த நாற்பது பேர் குழுவில் சுலபமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். மெட்டெல்லாம் மேல்குரலுக்குப் போய்விடும். ஆல்ட்டோக்காரர்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு வரிக்கணக்கில் நிற்க வேண்டும். புக்கிட் பாத்தோக் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்தபடி அம்மா தன் பங்கை மட்டும் பாடிப் பார்ப்பார். கேட்கிறவர்களுக்கு அது பாட்டு என்றே தெரியாது.

"இதுக்கு ஒரு சுருதிப் பெட்டி வாங்கி வச்சா போதுமே, நீ எதுக்கு?" என்பார் அப்பா.

அப்பாவுக்கு ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. அவருக்குப் பாட்டின்மேல் கோபமில்லை, சனிக்கிழமை பறிபோவதில்தான் கோபம். அம்மாவின் பயிற்சி சனிக்கிழமை. நாங்கள் சிராங்கூன் சாலைக்குப் போய்ச் சாமான் வாங்கி, தோசை சாப்பிட்டுத் திரும்ப வேண்டிய நாளும் அதுதான். போதாததற்கு, வீட்டில் யாராவது தும்மினாலே அவர் கலங்கிப்போவார். ஒருமுறை லேசான இருமலோடு கச்சேரிக்குக் கிளம்பிய அம்மாவை வாசலிலேயே மறித்து, கட்டியிருந்த பட்டுச்சேலையோடு கிளினிக்குக்கு அழைத்துப் போய்விட்டார். பாசம்தான், வேறென்ன. கச்சேரி அம்மா இல்லாமல் நடந்தது. அதன்பிறகு பல நாள் அம்மா அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கு எட்டு வயதானபோது அந்தக் குழு ஒரு சிடி வெளியிட முடிவு செய்தது. ஒரு மண்டபத்தில் வாரா வாரம் ஒலிப்பதிவு. அதன் விதிகளை அம்மா எனக்குச் சொல்லுவார். ஏசி சத்தம் பதிவாகிவிடும் என்று ஏர்கானை அணைத்துவிடுவார்களாம். வளையல் போடக்கூடாதாம். பாட்டு முடிந்த பிறகும் கடைசி ஒலி அடங்கும்வரை யாரும் அசையக்கூடாதாம். ஒருவர் இருமினால் நாற்பது பேரும் முதலிலிருந்து பாட வேண்டுமாம். அம்மா வளையல்களைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டுப் போவார். அவை என் முழங்கைவரை ஏறும்.

ஒலிப்பதிவு முடிந்த சில வாரங்களில் அம்மாவால் மேம்பாலப் படி ஏற முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நுரையீரல் என்றார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த வருடக் கிறிஸ்துமசுக்கு அம்மா இல்லை.

துக்கத்துக்கு வந்து எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் அப்பா ஒன்றையே சொன்னார்: "அவளுக்கே தெரியலங்க. தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பாளா?" வந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடினார் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு சிடி வந்தது. குழுவை நடத்திய யூரேஷியப் பெரியவர் தாமே கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதைப் போட்டுவிட்டுப் பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்தார். "இதுல அம்மா எதுடா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அழகான பாட்டுகள்தான், ஆனால் அவற்றில் அம்மா இல்லை. அப்பா பெரியவருக்குப் போன் செய்து கேட்டார். நல்ல குழுவில் யாருடைய குரலும் தனியாகக் கேட்கக்கூடாது, கேட்கவில்லை என்றால் உங்கள் மனைவி நன்றாகப் பாடியிருக்கிறார் என்று அர்த்தம் என்றாராம் அவர். ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார். அப்பா போனை வைத்துவிட்டு, "காணாம போறதுக்கா இத்தனை சனிக்கிழமை போனா?" என்றார். அப்போதுதான் அவர் அழுவதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஒலிப்பதிவு செய்தவரிடம் வெட்டாத பதிவுகள் இருக்கும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். சிராங்கூன் சாலைச் சந்து ஒன்றில், நகைக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய அறை. சீன இளைஞர். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் தேநீர்கூட வாங்கித் தந்தார். கணினியில் வெகுநேரம் தேடிவிட்டு, ஆல்ட்டோ வரிசைக்கு முன்னால் இருந்த மைக்கில் ஒரு துண்டு இருக்கிறது, பாட்டு முடிந்தபின் உங்கள் மொழியில் யாரோ பேசுகிறார்கள், நல்ல வேளையாக அழிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு பாட்டின் கடைசி ஒலி அடங்கியது. பிறகு அமைதி. பிறகு ஓர் இருமல், அடக்கி அடக்கி வைத்திருந்து வெளியே வந்த நீண்ட இருமல்.

"இன்னும் விடலையாக்கா? டாக்டர்கிட்ட போகச் சொன்னேன்ல?" என்றது பக்கத்தில் நின்ற பெண்ணின் குரல்.

அடுத்தது அம்மா. சந்தேகமே இல்லை.

"ரெக்கார்டிங் முடியட்டும், போறேன். நீ இவருகிட்ட வாய விட்டுடாத லா. தெரிஞ்சா என்னைப் பாட அனுப்பமாட்டாரு."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். அம்மா பேசினார், அம்மா சிரித்தார், எனக்கு அது போதும். "இன்னொரு தடவை போடுங்க அங்கிள்" என்றேன். இளைஞர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போடச் சொல்லித் தலையசைத்தார். நான் கேட்கக் கேட்க அவர் தலையசைத்துக்கொண்டே இருந்தார். அந்தத் துண்டை மட்டும் ஒரு சிடியில் போட்டு என் கையில் கொடுத்தார் இளைஞர். பஸ்ஸில் எனக்கு வாய் ஓயவில்லை.

அதன்பிறகு அம்மாவுக்குத் தெரியாது என்று அப்பா யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்வதை விட்டுவிட்டார் என்பதுகூட வெகு காலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பள்ளி விட்டு வந்ததும் நான் அந்தச் சிடியைத்தான் போடுவேன். அப்பா வேலையிலிருந்து வரும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் திரும்பச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். தினமும் இப்படியே நடந்ததால் எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்கு அம்மாவின் குரலே பிடிக்கவில்லை, எழுந்து ஓடுகிறார் என்று அத்தைக்குப் போன் போட்டுக் கோள் சொன்னேன். அத்தை சும்மா விடுவாரா? "பிள்ள தாய் இல்லாம தவிக்குது, கூட உக்காந்து கேட்டா நீ குறைஞ்சா போயிடுவ?" என்று அப்பாவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

மறுநாள் அவர் வெளியே போகவில்லை. நான் சிடியைப் போட்டதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருமல், அந்தப் பெண்ணின் கேள்வி, அம்மாவின் பதில், சிரிப்பு எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார். நான் மறுபடி போட்டேன், மறுபடியும் கேட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.