இரண்டாவது டிஸ்க்

பழைய பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. அந்தப் புத்திதான் என்னை மாட்டிவிட்டது. எங்கள் பள்ளிக்கூட வாத்தியார்களில் டிவிடி பிளேயர் இன்னும் ஓடுகிற வீடு என்னுடையது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர் வந்தார். எங்கள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர், புன்னக்காயல்காரர். கையில் இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி. போன வருஷம் அவர் ஊர் முகத்துவாரத்தில் எடுத்த, கொலையும் போலீசுமாக ஓடுகிற படம். அதில் பிணத்தைக் கரைசேர்க்கும் படகை ஓட்டியவர் அவருடைய அப்பா. அப்பா இப்போது உயிரோடு இல்லை.

“படத்துல அப்பா எறும்பு கணக்காத்தான் தெரியுதாவ வே. ரெண்டாவது டிஸ்க்குல ஷூட்டிங் நடந்ததப் போட்டிருக்கான். அப்பா பேசுறது இருக்கும்லா? அவிய குரலு எங்க வீட்ல எதுலயும் இல்ல.”

“பிளேயர் மக்கர் பண்ணுது வே” என்றேன்.

“அதெல்லாம் ஓடும்” என்று அவரே டிஸ்க்கை உள்ளே தள்ளினார்.

அந்தப் படப்பிடிப்பைப் பற்றி எனக்குச் சொன்னதே அவர்தான். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே அப்பாவைப் பார்க்கப் போகப்போவதாகச் சொன்னார். அன்றைக்குப் பரீட்சை ஹால் டூட்டி எனக்கு, அவருக்கு ஓய்வு. சினிமா என்றால் எனக்குக் கிறுக்கு. அம்மாவுக்கு மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று புளுகி, டூட்டியை அவர் தலையில் கட்டிவிட்டுப் புன்னக்காயலுக்கு நான் பஸ் ஏறினேன். ஆள் குறைகிறது என்று என்னையும் அந்தப் படகில் உட்காரவைத்தார்கள். எதிரே ஒருவர் சின்னக் கேமராவில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். படகை ஓட்டிய பெரியவர், நண்பரின் அப்பா, என்னிடம் பேசினார், நானும் பேசினேன். அதற்கப்புறம் நண்பர் ஊருக்குப் போனது அப்பாவை அடக்கம் பண்ணத்தான்.

ரிமோட் என் கையில் இருந்தது. நீக்கிய காட்சிகள் என்று ஒன்று இருந்தது, அதை முதலில் போட்டேன். அவருக்கு ஆறு மணிக்கு பஸ். வில்லன் விதவிதமாக நாலு தடவை செத்தான். நான் கடிகாரத்தையே பார்த்தேன். இப்போதே சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது, விரல் அடுத்த காட்சியை அழுத்தியது. நான் அவ்வளவு கோழை. அடுப்படியில் அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.

“இங்கன கொண்டாரும் வே” என்று நண்பர் ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

முகத்துவாரம் வந்தது. படகில் தலைத்துண்டோடு பெரியவர். நண்பர் நாற்காலி நுனிக்கு வந்து, “அப்பா” என்றார். கேமரா மெதுவாக நகர்ந்து என் மேல் நின்றது. கடலை தின்றுகொண்டிருக்கிறேன்.

“எம் மவன் வாத்தியாரு. இன்னைக்கு வாறேன்னு சொன்னான்” என்கிறார் பெரியவர். “கூட வேல பாக்குறவரோட அம்மைக்கு ரொம்ப முடியலையாம். அந்தம்மாவுக்காவ மாதா கோயில்ல மெழுகுதிரி ஏத்திட்டுத்தான் வாறேன்.”

“சரியாப் போவும் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு நான் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

நண்பர் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். மூன்று தடவை. வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. அவர் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். டிஸ்க்கை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அம்மா தட்டோடு வந்தாள். “என்னய்யா, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?”

“ஒடம்பு எப்படிம்மா இருக்கு?”

“எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்.”

“எங்கப்பா உங்களுக்காவ மெழுகுதிரி ஏத்துனாவம்மா.”

“எனக்கா? எதுக்குய்யா?”

“உங்க மவன்ட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டு, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அம்மா தட்டைக் கீழே வைக்காமல் என் பக்கம் திரும்பினாள்.