ஜெபத்தின் நடுவே எடுத்த படம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு கிராமத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். நான் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவன். என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். பிள்ளைகள் கல்யாணமாகிப் போனபின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், எங்கள் சபை ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஓய்வு பெற்ற தம்பதிகள் பதினெட்டு மாதம் வெளிநாடு போய் ஊழியம் செய்ய வேண்டும். வெளிநாடு என்றதும் எங்கள் தெருவே ஆப்பிரிக்காவை எதிர்பார்த்தது. எங்களுக்கு விழுந்தது யாழ்ப்பாணம்.

மொழி ஒன்றுதானே, பிரச்சினை இருக்காது என்று நினைத்துப் போனேன். முதல் இரண்டு வாரம் சந்தையில் மரக்கறி விற்ற பெண் பேசியதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். அதனால் வேண்டாத பூசணிக்காய் இரண்டு முறை வீட்டுக்கு வந்தது.

எங்கள் வேலை எளிமையானது. காலையில் வேதவாசிப்பு, பிறகு சைக்கிள். அந்தக் கிராமத்துச் சபையில் இருபது குடும்பங்கள் இருந்தால் அதிகம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் வயதானவர்களைப் போய்ப் பார்ப்போம், சாதி மதம் பார்க்காமல். மனைவியின் பையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, என் பையில் வேதப்புத்தகம். ஊர் அவள் பையைத்தான் எதிர்பார்த்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மாதம் ஒருமுறை எங்கள் ஊர்ச் சபைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் மூன்று கட்டங்கள்: சந்தித்த வீடுகள், ஜெபித்த வீடுகள், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள். முதல் இரண்டும் நிரம்பி வழிந்தன. மூன்றாவது ஒன்பது மாதமாகக் காலி. வேறு நாடுகளுக்குப் போன தம்பதிகளின் அறிக்கைகளை ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள் என்றும், எங்களுடையதைச் சுருக்கமாக முடித்துவிடுவார்கள் என்றும் என் மைத்துனர் வேலை மெனக்கெட்டுப் போன் செய்து சொல்வார். முப்பத்து நான்கு வருடம் படிவம் நிரப்பியே பிழைத்தவன் நான். வெறும் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

பக்கத்து வளவில் ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் கனடாவில். விடியுமுன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தேவாரம் படித்துவிட்டுத்தான் தேநீர் வைப்பார். கோடையில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி உப்பாகிவிட்டது. அவருடைய கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. கேட்கத் தயங்கி நின்றபோது அவரே வேலிப் படலையைத் திறந்துவிட்டார்.

“நீங்கள் என்ன வேலையாய் வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும், ஐயா. அதைச் செய்யுங்கோ. தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை,” என்றார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். கோயில் திருவிழா நாட்களில் மீன் கழுவிய பாத்திரத்தைக் கிணற்றடிக்குக் கொண்டுவர வேண்டாம். என் மனைவி அதற்கென்று ஒரு புது வாளியே வாங்கிவிட்டாள்.

மாலையில் தண்ணீர் எடுக்கப் போகும்போது அவள் அவருக்கு இரத்த அழுத்தம் பார்ப்பாள். அவர் அவளை ‘மிஸ்ஸி’ என்பார். அங்கே ஆஸ்பத்திரி நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பார்த்து முடிந்ததும் நான், “ஜெபம் பண்ணட்டுமா?” என்று கேட்பேன். “ஓம், பண்ணுங்கோ,” என்பார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து, சால்வையைச் சரிசெய்து, கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் ஆமென் சொன்னதும் திறந்து, “இனித் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது,” என்பார். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது.

ஒரு நாள் நாங்கள் கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டோம். அவர் அப்போதுதான் முடிவெட்டிக்கொண்டு வந்து குளித்திருந்தார். இன்னும் திருநீறு பூசவில்லை. எங்களைக் காக்க வைக்கக் கூடாது என்று அப்படியே வந்து உட்கார்ந்தார். அன்று மனைவி ஜெபித்தாள். அவர் கையில் கருவியின் பட்டி சுற்றியபடி, அவள் தலை குனிந்திருக்க, அவர் வெறும் நெற்றியோடு கண்மூடி இருந்தார். ஜன்னல் வெளிச்சம் சரியாக விழுந்தது. நான் போனை எடுத்தேன்.

அந்த மாத அறிக்கையில் படத்தை இணைத்து இப்படி எழுதினேன்: ‘வைராக்கியமான சைவரான எங்கள் அயலவர் இப்போது எங்களோடு ஜெபிக்கிறார். கனி பழுக்கிறது. ஜெபித்துக்கொள்ளுங்கள்.’ மூன்றாவது கட்டத்தில் ‘ஒன்று’ என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக ‘விரைவில்’ என்று எழுதினேன். முழுப் பொய் இல்லை என்று அந்தச் சின்ன எழுத்து எனக்கு ஆறுதல் சொன்னது. சபையில் கைதட்டல் என்று மைத்துனர் போன் செய்தார். இரண்டு நாள் நான் நிமிர்ந்தே சைக்கிள் ஓட்டினேன்.

சபைக்காரர்கள் படத்தை முகநூலில் போட்டார்கள். அது டொரோண்டோவில் இருக்கும் அந்தக் கிராமத்துக்காரர் ஒருவர் கண்ணில் பட்டு, அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், ஒரு வாரத்துக்குள் நாங்கள் இருந்த அதே ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கே, திரும்பி வந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

சொன்னவர் அந்தக் கிராமத்துச் சபையில் பாட்டு நடத்தும் டீச்சர். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்தார்.

“ஐயா, அம்மன் கோயிலிலை அஞ்சாம் திருவிழா ஆர் வீட்டு உபயம் எண்டு தெரியுமோ?”

தெரியாது என்றேன்.

“தபாலதிபர் வீட்டு உபயம். தகப்பன், தகப்பன்ரை தகப்பன் காலத்திலையிருந்து அவைதான் செய்யினம். தர்ப்பை போட்டு முன்னுக்கு நிக்கிறவர் அவர்தான். இந்த முறை அவருக்குக் குடுக்கேலாது எண்டு கோயில் சபையிலை கதைக்கினம். வேதத்துக்கு மாறிட்டாராம். உங்கடை படத்தைத்தான் காட்டினவை.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

“நீங்கள் பதினெட்டு மாதத்திலை போயிடுவியள், ஐயா. நாங்கள் உவையளோடைதான் இருக்கோணும். என்ரை பிள்ளையைப் பாம்பு கடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினது அந்தக் கோயில் ஐயற்றை மகன்.”

கொடியேற்றத்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் ஊருக்குப் போன் செய்து படத்தை முகநூலிலிருந்து எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். பெரிய காரியம் செய்த மாதிரி மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் அப்படிப் படம் பிடித்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

“படத்த எடுத்தாச்சு. எழுதினத யாரு எடுப்பா?” என்றாள். “நான் கண்ண மூடி ஜெபிச்சிட்டு இருந்தேன். நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

அந்த அறையில் இருந்த மூன்று பேரில் கண் திறந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டு நாள் நாங்கள் அவர் கிணற்றுப் பக்கம் போகவில்லை. உப்புத் தண்ணீரிலேயே தேநீர் போட்டோம். மூன்றாம் நாள் நான் தனியாகப் போனேன். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருங்கோ என்றார், முன்பு போலவே. நான் செய்ததைச் சொன்னேன். எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. மகன் கனடாவிலிருந்து போன் எடுத்து ஏசினானாம்.

“நீங்கள் மதம் மாறவில்லையென்று கோயில் சபையில் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

அவர் பேப்பரை நாலாக மடித்தார். “கண்ணை மூடினது உண்மைதானே. நீங்கள் கும்பிடேக்கை நான் முழிச்சுக்கொண்டிருந்தால் அது மரியாதையே? அதைச் சொன்னால், அப்ப அந்த மனிசன் எழுதினது பொய்யோ எண்டு கேப்பினம். என்ரை வீட்டுக்கு வந்து போறவையைப் பொய்யர் எண்டு நான் நாலு பேருக்கு முன்னாலை சொல்லேலுமே?”

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் திட்டாமல் விட்டதால் வேறு வழியில்லாமல் போயிற்று. அப்பாவும் தாத்தாவும் நின்ற இடம் எனக்காக அவர் கையைவிட்டுப் போகப்போகிறது. அவர் வாயைத் திறக்கப் போவதில்லை. திறக்க வேண்டியவன் நான்.

மறுநாள் பிற்பகல் கோயில் மடத்தில் சபை கூடியது. மனைவியும் வந்தாள். எனக்கு நினைவு தெரிந்து ஒரு கோயில் வளவுக்குள் கால் வைத்தது அன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையையும் கழற்ற வேண்டுமோ என்று பொத்தானில் கை வைத்து நின்றேன். “பரவாயில்லை, மடம்தானே. சேட்டோடை வாங்கோ,” என்றார் ஒருவர். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தபாலதிபர் ஓரமாகச் சுவரோடு உட்கார்ந்திருந்தார்.

நான் சொன்னேன். அவர் எங்களோடு ஜெபிக்கவில்லை, நாங்கள் ஜெபித்தபோது மரியாதைக்காக அமைதியாக இருந்தார். அன்று நெற்றியில் திருநீறு இல்லாததற்குக் காரணமும் நாங்கள்தான். படம் அவருக்குத் தெரியாமல் எடுத்தது. எழுதியது என் பெருமைக்காக.

“அப்ப நீங்கள் எழுதினது பொய்யோ?” என்று தலைவர் கேட்டார்.

“ஓம்,” என்றேன்.

“எழுதித் தருவியளோ?”

யாரோ ஒரு கொப்பித் தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் எழுதிய அறிக்கைகளிலேயே சின்னது அதுதான், நான்கு வரி. தலைவர் அதை எல்லோருக்கும் கேட்கப் படித்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “சரி, பாப்பம்,” என்றார். அவ்வளவுதான். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, பாராட்டவும் இல்லை. வெளியே வரும்போது தபாலதிபர் பின்னால் வந்தார். நன்றி சொல்வார் என்று மனதின் ஒரு மூலை இன்னும் எதிர்பார்த்தது.

“மூண்டு நாளாய்த் தண்ணிக்கு வரேல்லை, மிஸ்ஸி?” என்று என் மனைவியைக் கேட்டார்.

அதே நான்கு வரியை எங்கள் ஊர்ச் சபைக்கும் அனுப்பினேன். பொறுப்பாளர் போனில் வந்தார். “படத்த எடுத்தாச்சுல்லா அண்ணாச்சி. இத வேற வாசிச்சு நம்ம பேர நாமளே கெடுக்கணுமா?” என்றார். வாசிக்கவில்லை. ஊர் திரும்பியபின் நானே எழுந்து சொல்ல இரண்டு முறை நேரம் கேட்டேன்; நிகழ்ச்சி நிறைய இருந்ததாம்.

கொடி ஏறியது. ஐந்தாம் நாள் காலையிலிருந்து மேளச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யார் முன்னால் நிற்கிறார்கள் என்று போய்ப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பகல் பூசை முடிந்து சத்தம் அடங்கியபின் எங்கள் படலை திறந்தது. தபாலதிபர்தான். பட்டு வேட்டி, சந்தனம், வியர்வையில் கரைந்த திருநீறு, கழுத்தில் கோயில் மாலை. திருவிழா அவருக்கே கிடைத்தது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கையில் மூடிய ஒரு பாத்திரம்.

“பொங்கல்,” என்றார். மனைவி ஒரு கணம் தயங்கினாள். படைத்த உணவை நாங்கள் சாப்பிடுவதில்லை.

“எனக்குத் தெரியும், மிஸ்ஸி. இது படைச்சதில்லை. விடியவே வேறை அடுப்பு மூட்டி, வேறை பானையிலை நான் பொங்கினது. கோயிலுக்குக் கொண்டுபோகேல்லை. நீங்கள் சாப்பிடலாம்.”

உபயகாரர் அன்று விரதம். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். அவ்வளவு வேலைக்கு நடுவே, எங்கள் மனச்சாட்சி உறுத்தக் கூடாது என்று தனியாக ஓர் அடுப்பு மூட்டியிருக்கிறார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அவள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லத் தலை குனிந்தாள். வாசற்படியில் நின்றபடியே அவரும் கண்ணை மூடினார். இந்த முறை நானும் மூடினேன்.

எங்கள் ஊரில் சிலர் இன்னும் அந்தத் தபாலதிபர் எங்களால் மனம் மாறினார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சபையில் வாசிக்காததை இங்கேயாவது நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் நம்பிக்கை அன்று இருந்தது போலவே இன்றும் இருக்கிறது. ஆனால் இன்னொருவருடைய நம்பிக்கைக்காக விடியற்காலையில் தனி அடுப்பு மூட்ட என்னால் முடியுமா என்று, ஒவ்வொரு முறை ஜெபத்துக்குக் கண்ணை மூடும்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.