ரைமோவின் பூச்சியம்

ரைமோவுக்கு ஐம்பத்திரண்டு வயது, தனியாள். வடதுருவத்துக்கு அருகிலுள்ள ஓவுலு நகரில், எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான்கு ஆண்டுகளாக ஒரே வேலையாக இருந்தார். இரண்டு ஆண்டெனாக்கள் அனுப்பும் செய்தியில், ஒன்றின் அலை வழியில் மங்கிப்போனாலும் மற்றதைக் கொண்டு பிழையைத் திருத்திக்கொள்ளும் ஒரு குறியீட்டை அவர் தேடிக்கொண்டிருந்தார். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று நாங்கள் கேட்டதே இல்லை. முடியாத வேலையைப் பற்றி இங்கே யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அதை மரியாதை என்றே நினைத்திருந்தோம். காபி வேளையில் ஐஸ் ஹாக்கி பேசுவோம். அவர் கறுப்பு ரொட்டியை மென்றபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

2001 மார்ச்சில் குறியீடு முடிந்தது. செல்பேசித் தரங்களை முடிவுசெய்யும் கூட்டம் அடுத்த திங்களன்று. அங்கே முன்வைக்க எங்கள் குழுத் தலைவி சிர்க்கா இடம் வாங்கிவிட்டார். புதனன்று எங்கள் வண்டியோட்டி வெய்யோ கருவிகளை வண்டியில் ஏற்றி, ஊரைச் சுற்றி அளந்து வந்தார். அலையை அனுப்பும் சக்தியைக் கூட்டினால் பிழைகள் மளமளவென்று குறைய வேண்டும். ஓரிடம்வரை குறைந்தன, அதன்பின் எவ்வளவு கூட்டியும் மெல்லவே குறைந்தன.

குளிரில் கருவி கெட்டிருக்கும் என்றார் சிர்க்கா. ரைமோ நம்பவில்லை. இரண்டு நாள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தார். குறியீட்டில் எந்த இரு செய்திகளின் வித்தியாசத்தையும் எண்கட்டமாக எழுதினால், அதிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்ணான அணிக்கோவை பூச்சியமாகக் கூடாது. பூச்சியமானால், அலை மங்கும்போது அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. முன்பே கோடிக்கணக்கான ஜோடிகளைக் கணினியிடம் விட்டு, பூச்சியம் வந்தால் மட்டும் சொல் என்று நிரல் எழுதியிருந்தார். கணினி ஒன்றும் சொல்லவில்லை. தசமத்தில் தோராயமாகக் கணக்கிட்டதால், ஓர் உண்மையான பூச்சியம் புள்ளிக்குப் பன்னிரண்டு இடம் தள்ளி ஒரு துளி எண்ணாக ஒட்டிக்கொண்டிருந்ததை இப்போதுதான் கண்டார்.

வெள்ளியன்று காபி மேசையில் சொன்னார்.

"அதை அனுப்ப வேண்டாம், சிர்க்கா. தப்பா இருக்கு."

"ஒரு ஜோடிதானே? அங்க யாரு தேடப் போறா?"

"நான் தேடிட்டேனே."

பிறகு யாரும் கேட்காமலே, எப்படித் தவறினார் என்று பத்து நிமிடம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெய்யோதான் வாயைத் திறந்தார். "ஏன்யா தசமத்துல போட்டே? முழு எண்ணாவே வச்சிருந்தா பூச்சியம் பூச்சியமா வந்திருக்கும். கணக்குல புலின்னு உன்னைச் சொல்றாங்க, வண்டி ஓட்டுற எனக்கே இது தெரியுது. முதல் வருசமே காட்டியிருந்தா சொல்லியிருப்பேனே."

"நீ கேக்கலையே."

"நீயும் சொல்லலையே."

சிர்க்கா கூட்டம் நடத்துபவர்களிடம் தொலைபேசியில் பேசி, எங்கள் பெயரை எடுத்துவிட்டார்.

திங்களன்று ரைமோ முதலிலிருந்து தொடங்கினார், முழு எண்களில். எப்படிப் போகிறது என்று கேட்கத்தான் அவர் மேசைவரை நடந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் சிறிது நேரம் நின்றேன். அவர் திரும்பவில்லை. நானும் கேட்கவில்லை.