ஈசனை விழுங்கிய கோப்பு

ஒஸ்லோவில் எங்கள் அலுவலகத் தேநீர் அறையில் கிடக்கும் பத்திரிகையில் மரண அறிவித்தல்கள் தீப்பெட்டியளவுதான். ஒரு பெயர், இரண்டு திகதிகள், "குடும்பத்தினர்", அவ்வளவு. வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயம். எங்கள் அறிவித்தலில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த நாட்டில் என்று அடைப்புக்குறிக்குள் வரவேண்டும். போக முடியாதவனுக்குச் செத்தவீட்டில் நிற்கக் கிடைக்கும் இடம் அது.

போன மாதம் ஈசனின் தாய் யாழ்ப்பாணத்தில், உரும்பிராயில் காலமானார். ஈசன் இங்கே ஒஸ்லோவில் எனக்குப் பக்கத்துத் தெரு. குருநகர்க் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டினான் என்று சொந்தங்கள் அவனை ஒதுக்கிவைத்திருந்தார்கள். தாயும் அக்காவும்தான் கதைத்தவர்கள். குடியுரிமை அலுவல் இழுபட்டதால் அவனால் போக முடியவில்லை. இணையத்தில் வந்த அறிவித்தலில் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள், இவனைத் தவிர. ஊர் அச்சகம் அதையே பார்த்துச் சுவரொட்டியும் அடித்துவிட்டது.

"அண்ணை, அம்மா கண்ணை மூடின உடனை என்னை வெட்டிப்போட்டினம்," என்றான்.

அக்காவுக்கு அழைத்தோம். "அம்மாவாணை நான் வெட்டேல்லையடா! உன்ரை பேரையும் அடிச்சுத்தான் அனுப்பினனான்," என்று அவர் அழுதார். ஆனால் அக்காதான் வெட்டினவர் என்று ஊர் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அக்காவின் மூலக் கோப்பை வாங்கிப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அடித்தது பழைய பாமினி எழுத்துருவில். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அடியில் இருப்பது ஆங்கிலக் குறிகள். அதில் 'ஈ' என்பது '<', காற்புள்ளி என்பது '>'. இணையத்தளம் தகவலை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்எம்எல் கோப்பில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது கட்டளை, வாசகம் அல்ல. முதலில் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றி, குறிகள் கட்டளையாகிவிடாமல் பாதுகாத்து எழுதியிருக்க வேண்டும். அந்த இணையத்தளத்தின் நிரலோ முதலில் 'துப்புரவு' என்று கட்டளைகளையெல்லாம் அழித்துவிட்டுப் பிறகு மாற்றியிருக்கிறது. 'ஈசன் (நோர்வே),' என்பதும் கட்டளையென்று காற்புள்ளியோடு குப்பைக்குப் போய்விட்டது.

நிரல் எழுதிய நிறுவனம் இங்கேதான் இருக்கிறது, நோர்வேக்காரருடையது. அழைத்தேன்.

"கோப்பில் பிழையே இல்லை. சோதனையில் தேறியிருக்கிறது," என்றார் ஒருவர்.

"ஒரு மகனைக் காணவில்லை."

"ஐயோ, பொலிசுக்கு அறிவித்தீர்களா?"

விளக்கிச் சொன்னேன். "ஓ, உங்களுடையவை விசேஷ எழுத்துகள்," என்றார் மிகுந்த மரியாதையோடு. விசேஷமாம்! தங்கள் மொழியின் 'å' என்ற வளையம் போட்ட எழுத்துக்கு ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கே ஓடித் திருத்துவார்கள். எங்களில் ஒருவன் தாயின் மரண அறிவித்தலிலிருந்து தொலைந்தாலும் கோப்பு தேறிவிடும். எங்கள் ஆட்களை மட்டும் விடலாமா? யூனிகோட் வந்து எவ்வளவு காலம்! இன்னும் பாமினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கத்திக் கத்தியே திருத்தவைத்தேன். மாலைக்குள் இணையத்தில் ஈசன் வந்துவிட்டான். ஆனால் உரும்பிராய்ச் சந்தியில் சுவரொட்டி ஒட்டியாயிற்று, தகனமும் முடிந்துவிட்டது.

"அக்கா, பேனையாலையாவது எழுதிவிடு," என்று ஈசன் கெஞ்சினான்.

மறுநாள் அக்காவிடமிருந்து சுவரொட்டியின் படம் வந்தது. பனி கொட்டும் பேருந்துத் தரிப்பிடத்தில் நின்று, கைபேசியில் விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தான். பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே இடமில்லை. அக்கா நீல மையில், சுவரொட்டியின் கறுப்புக் கரைக்கு வெளியே, வெறும் சுவரில் எழுதியிருந்தார்: ஈசன் (நோர்வே).